உண்ட நினைவும் ஊட்டிய நினைவும்



நம் ஊர்களில் பிறந்து வளர்ந்த பெரியவர் எவரையேனும் அழைத்து, இளமையில் உண்ட உணவைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அவர் சொல்லும் காட்சியில் விளக்கு இராது. மேற்குச் சன்னல் வழியே சாய்ந்து வரும் மஞ்சள் வெயில் இருக்கும். முற்றத்தில் நீண்டு கிடக்கும் தூண் நிழல் இருக்கும். தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளையை, "பொழுது சாயுது, வந்து சாப்பிடு" என்று அழைக்கும் தாயின் குரல் இருக்கும். பிற வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கேற்றிய பின்னர்தான் இரவுச் சோறு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கோ விளக்கேற்றும் முன்னரே உணவு முடிந்துவிடும். விளையாட்டின் நடுவே எழுந்து வர வேண்டியிருந்ததை எண்ணி அன்று அழுத பிள்ளைகளும் உண்டு. அந்த அழுகையும் சேர்ந்தே இன்று அவர்களுக்கு இனிய நினைவாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்வார்கள். வெண்கலத் தவலையின் வாயில் இரண்டாக மடித்துக் கட்டிய வெள்ளைத் துணி. அதன்வழியே நீர் இறங்கும் ஓசை. நீர் வடிந்தபின் துணியில் தங்கிய சிற்றுயிர்களுக்கு ஊறு நேராதபடி, அதை மெல்ல அலசி அந்த நீரைக் கிணற்றிலேயே சேர்ப்பித்த பாட்டியின் கை. பாட்டி அகிம்சையைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றியதில்லை. ஆயினும் பேரப்பிள்ளையின் நெஞ்சில் தண்ணீரின் சுவையும் கொல்லாமையின் நினைவும் பிரிக்க இயலாதபடி ஒன்றாகிப் போயின.

இன்று நம் மக்களிற் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணிபுரிகின்றனர். மாலை 6 மணிக்கு அவர்கள் பேருந்திலோ இரயிலிலோ நிற்கின்றனர். இரவு 8 மணிக்கு வீடு சேர்ந்து மின்விளக்கின் கீழ் உண்கின்றனர். இதைக் குறையாகச் சொல்லத் தொடங்கினால் இளைஞர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பதை நாம் அறிவோம். இன்று அதற்காக எழுதப் புகவுமில்லை. அவர்களிற் பலர் நம்மிடம் வேறொன்றைச் சொல்கின்றனர். "எதை உண்டாலும் அம்மா கையால் உண்டது போல் இல்லை. மனம் சோர்ந்த நாளில் அந்தச் சோற்றைத்தான் தேடுகிறது. இப்படித் தேடுவது பற்றா? பற்று என்றால் அது பாவமா?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியை எளிதென்று தள்ளிவிட இயலாது. நம் ஆசாரியர்களே இதைப் பல இடங்களில் தொட்டுச் சென்றுள்ளனர்.

நினைவு எவ்வாறு பிறக்கிறது என்பதை நம் நூல்கள் படிப்படியாகக் கூறும். பொறியும் பொருளும் கூடும்போது முதலில் பொதுவாக உணர்தல்; பின்னர் இது யாதென அறிய விழைதல்; அதன்பின் இன்னதெனத் துணிதல்; இறுதியில் அதனை விடாது பற்றி வைத்தல். அவக்கிரகம், ஈகை, அவாயம், தாரணை என்று பெயர் பெற்ற இந்நான்கும் மதிஞானத்தின் படிகள். (இங்கு ஈகை என்றது கொடையை அன்று, அறிய விழையும் முயற்சியை.) தாரணையில் தங்கியதே பின்னொரு நாள் ஸ்மிருதியாக, அதாவது நினைவாக எழுகிறது. நாவில் பட்ட மிளகு ரசம் ஒரு நொடியில் வயிற்றுக்குள் இறங்கிவிடும். தாரணையில் பட்டதோ ஐம்பது ஆண்டு கடந்தும் இறங்காது. இக்கால உடலியல் அறிஞரும், மணத்தை உணரும் நரம்பு மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையது என்பர். தாளிக்கும் மணம் வந்தவுடன் காரணம் தெரியாமலேயே கண் கலங்குவது அதனால்தான் போலும்.

இவ்வளவு ஆழமாய்ச் சென்று தங்கும் ஒன்றைப் பற்றி ஆசாரியர்கள் எச்சரிக்கை செய்யாமல் விடுவார்களா? உயிர்களை ஆட்டிவைக்கும் வேட்கைகளை நான்கு சம்ஜ்ஞைகளாக எண்ணி, அவற்றுள் ஆகாரத்தையே முதலில் வைத்தனர். அச்சமும் காமமும் பொருட்பற்றும் அதற்குப் பின்புதான். நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் கோம்மடசாரத்தில் இவ்வேட்கை தோன்றுவதற்குரிய காரணங்களைக் கூறுமிடத்து, வெறும் வயிற்றையும் வினையின் உதயத்தையும் மட்டும் சொல்லவில்லை. உணவைக் காண்பதையும் அதன்பால் மனத்தைச் செலுத்துவதையும் உடன் சொன்னார். வயிறு நிறைந்திருக்கும்போதும் பசி வரும் என்பதும், அப்பசி மனத்திலிருந்து வருவது என்பதும் இதனால் விளங்கும். துன்பம் வந்த வேளையில் பசியில்லாமலேயே தின்பண்டத்தைத் தேடிச் செல்லும் கை நம் எல்லோருக்கும் பழக்கமானதே.

புறத்தவம் ஆறு என்பர். அவற்றை எண்ணிப் பாருங்கள். உண்ணாதிருத்தல், குறைத்து உண்ணல், இன்னவாறு கிடைத்தாலன்றி ஏலேன் என வரையறுத்தல், சுவை துறத்தல் ஆகிய நான்கும் உணவைப் பற்றியவை. தனித்து உறைதலும் உடல் வருத்தலும் ஆகிய இரண்டே எஞ்சியவை. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய அறுவகை ரசங்களில் ஒன்றையோ பலவற்றையோ விடுதலே சுவை துறத்தல் எனப்படும். மனிதன் எங்கு கட்டுண்டிருக்கிறான் என்பதை அறிந்தவர்களே அங்குக் கை வைத்தனர்.

இன்னும் ஒருபடி மேலே செல்வோம். பாத்திரபத மாதத்துத் தசலக்ஷண நோன்பின் 10 நாள்களிலும் தத்துவார்த்த சூத்திரத்தின் 10 அத்தியாயங்களை நாளுக்கு ஒன்றாக ஓதிப் பொருள் கூறும் வழக்கம் உண்டு. ஏழாம் நாள் உத்தம தவத்துக்கு உரியது. அன்று ஓதும் ஏழாம் அத்தியாயத்தின் முடிவில், சல்லேகனை மேற்கொண்டவர் விலக்க வேண்டிய ஐந்து குற்றங்களை உமாஸ்வாமிகள் எடுத்துரைக்கிறார். மேலும் வாழ விரும்புதல், விரைந்து சாக விரும்புதல், நட்டாரிடம் பற்று வைத்தல், முன்பு துய்த்த இன்பங்களை நினைத்தல், மறுமைப் பயனை வேண்டுதல் என்பன அவை. நான்காவதாகச் சொல்லப்பட்டது சுகானுபந்தம். தாய் ஊட்டிய சோற்றை நினைத்து மகிழ்வதும் முன்பு துய்த்த இன்பத்தை நினைத்தல்தானே என ஒருவர் கேட்டால் இல்லையெனச் சொல்ல முடியாது.

இவ்விடத்தில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும்.

வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்று. அங்கு 80 வயதைக் கடந்த ஓர் அம்மையார், இளமை முதல் இரவுண்ணா நோன்பில் பிறழாதவர். மூப்பும் பிணியும் மருத்துவத்துக்கு அடங்காது முற்றியபோது, மக்களின் இசைவு பெற்றுச் சல்லேகனை மேற்கொண்டார். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டகத்தில் வகுத்த முறைப்படியே முதலில் அன்னத்தை விட்டார். சில நாள் பாலில் நின்றார். பின்னர் அதையும் விட்டு மோருக்கு வந்தார். அதன்பின் வெந்நீர் ஒன்றே. சென்னையில் பணியிலிருந்த மகன் செய்தி அறிந்து இசைவும் தந்தவர்தான். ஆனால் இசைவு தருவது வேறு. தாயின் கன்ன எலும்பை நேரில் காண்பது வேறு. வந்த மறுநாள் மாலை, தாயிடம் கற்ற அளவிலேயே மிளகும் சீரகமும் இடித்து, தம் கையாலேயே ரசம் வைத்தார். அந்த வீட்டில் காய்ச்சல் கண்டவர் எவர்க்கும் அந்த அம்மையார் வைத்துக் கொடுத்த ரசம் அது. ஒரு தம்ளரில் தெளிவை வடித்துக் கொண்டுபோய்த் தாயின் அருகில் அமர்ந்து, "ஒரு வாய் அம்மா, எனக்காக" என்றார்.

அம்மையார் தம் வலக்கையை எடுத்துத் தம்ளரின் வாயை மூடினார். திண்ணையில் அமர்ந்திருந்த பேரனைக் கண்ணால் காட்டி, "பொழுது இருக்குதே, பிள்ளைக்குக் கொடுப்பா" என்றார். அவ்வளவே. மகன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். பேரனுக்குக் கொடுக்கும் எண்ணம் எவர்க்கும் வரவில்லை. ரசம் ஆறிப்போயிற்று. மூன்றாம் நாள் வைகறையில் பஞ்ச நமஸ்காரம் செவியில் விழ அம்மையாரின் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

அதன்பின் மூன்று ஆண்டுகள் அம்மகனுக்கு உணவு செல்லவில்லை. பட்டினி கிடந்தார் என்பதன்று, எதிலும் நிறைவில்லை. மனைவி மாமியாரிடம் பழகிய அதே அளவில் ரசம் வைப்பார். அவர் ஒரு பிடி உண்டுவிட்டு, "உப்பு குறைவு" என்பார். மறுநாள், "உப்பு மிகுதி" என்பார். "அம்மா வைத்தது போல் இல்லை" என்று தட்டை நகர்த்துவார். அம்மனைவி எத்தனை முறை அடுக்களையில் கண்ணீர் விட்டாரோ, அதை எண்ணியவர் இல்லை. (நம் சொற்பொழிவுகளில் உண்பவர் படும் ஏக்கத்தைப் பேசுகிறோம், சமைப்பவர் படும் ஏக்கத்தைப் பேசுவதில்லை.) ஒரு நாள் அவர் நம்மிடம் மனம்விட்டுப் பேசியபோது, "கடைசியில் என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. என்னை வேண்டாம் என்றுதானே கையை மூடினார்கள்?" என்றார். அப்போதுதான் நமக்குப் புரிந்தது, அவருக்குக் குறை உப்பில் இல்லை என்று.

அன்று அவருக்கு நாம் ஒரு விடையும் சொல்லவில்லை. அட்சய திருதியை அணித்தாக வந்தமையால், அந்நாளின் வரலாற்றை ஒருமுறை ஊன்றிப் படிக்குமாறு மட்டும் வேண்டினோம். நம் வீடுகளில் அனைவரும் அறிந்த வரலாறுதான். எனினும் அதில் நினைவு என்பது எவ்வளவு பெரிய பங்கு பெற்றுள்ளது என்பதை நாம் பலகாலும் கவனிப்பதில்லை.

ஆதிபகவன் விருஷபநாதர் அரசு துறந்து தீக்கை பெற்றபோது, அவரிடம் கொண்ட அன்பினால் மட்டும் 4000 அரசர்கள் உடன் துறந்தனர். பகவான் ஆறு திங்கள் உண்ணாது அசையாது நின்றார். உடன் துறந்தவர்களால் பசி தாங்க இயலவில்லை. வீடு திரும்பினால் பரதன் சினப்பான் என்று அஞ்சி, காட்டிலேயே கனியும் கிழங்கும் தின்று மரவுரி உடுத்து நெறி தவறினர். அரண்மனை உணவின் நினைவு அவர்களை எத்துணை வருத்தியிருக்கும்! பசியினும் அந்நினைவே அவர்களைத் தோற்கடித்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆறு திங்கள் கழிந்தபின் பகவான் சரியைக்கு எழுந்தருளினார். தமக்கு உணவின்மேல் விருப்பம் எழுந்ததால் அன்று. பின்வரும் முனிவர்க்கு நெறி காட்டும் பொருட்டு. ஊர்தோறும் நடந்தார். மக்கள் அவர்மேல் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். யானையைக் கொண்டுவந்து நிறுத்தினர், குதிரையை நிறுத்தினர், மணிகளையும் பட்டையும் குவித்தனர், பெண் கொடுக்கவும் முன்வந்தனர். முனிவர்க்கு உணவு ஈயும் முறை மட்டும் ஒருவர்க்கும் தெரியவில்லை. அன்பு இருந்தது, பொருள் இருந்தது, அறிவு இல்லை. பகவான் ஒன்றும் பேசாது கடந்து போனார். மேலும் பல திங்கள் உணவின்றியே கழிந்தன.

பின்னர் அஸ்தினாபுரம் எழுந்தருளினார். அங்குச் சோமப்பிரப அரசனின் தம்பி சிரேயாம்ச குமாரன், பகவானின் திருவுருவைக் கண்ட அளவில் முற்பிறவி உணர்வு பெற்றான். பல பிறவிகளுக்கு முன் பகவான் வச்சிரசங்கனாக இருந்த காலத்தில், அவன் தேவி ஸ்ரீமதியாக இருந்தவனே இச்சிரேயாம்சன். காட்டுவழியில் பாசறை அமைத்துத் தங்கியிருந்த நாளில், அவர்கள் இருவரும் இரு சாரண முனிவர்களை எதிர்கொண்டு முறைப்படி உணவளித்தனர். அந்நிகழ்ச்சி முழுதும் சிரேயாம்சன் நெஞ்சில் எழுந்தது. எவ்வாறு வணங்கி அழைத்தோம், எவ்வாறு அடி விளக்கினோம், மனமும் மொழியும் மெய்யும் உணவும் தூயவையாக எவ்வாறு நின்று இட்டோம் என்பதெல்லாம் நேற்று நடந்தது போல் தோன்றிற்று. உடனே இறங்கி வந்து பகவானை எதிர்கொண்டு, அண்ணனோடு நின்று, கரும்பின் சாற்றை அப்பெருமானின் திருக்கைகளில் வார்த்தான். வைசாகத்து வளர்பிறை மூன்றாம் நாள் அது. கரும்பைப் பிழிந்து சாறு கொள்ளும் வகையை மக்களுக்குக் கற்பித்தமையாலேயே பகவான் இட்சுவாகு எனப் பெயர் பெற்றார் என்று மகாபுராணம் கூறும். அவர் கற்பித்ததே அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

இதை மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணத்தில் நம் முன்னோர் எத்தனையோ முறை படிக்கக் கேட்டிருப்பர். இங்கு நாம் கேட்கும் கேள்வி ஒன்று. இடைப்பட்ட பிறவிகளில் அவ்வுயிர் எத்தனை விருந்து உண்டிருக்கும்! தேவருலக இன்பத்தையும் துய்த்த உயிர் அது. அவற்றில் ஒன்றும் அன்று நினைவுக்கு வரவில்லை. தான் உண்டது வரவில்லை. தான் ஊட்டியதே வந்தது. இந்த யுகத்தில் தானம் என்னும் தீர்த்தம் ஒரு நினைவிலிருந்து ஊற்றெடுத்தது. பின்னர் பரத சக்கரவர்த்தி நேரில் வந்து, "ஒருவரும் அறியாத இதை நீ எவ்வாறு அறிந்தாய்?" என்று வியந்து கேட்டபோது சிரேயாம்சன் சொன்னதும் இந்நினைவையே.

நம் தமிழ்க் காப்பியத்திலும் இதற்கு இணையான ஓரிடம் உண்டு. மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். கோவலன் சாவக நோன்பினன், பகற்பொழுதிலேயே உண்பவன் என்பதை அறிந்து, சமைப்பதற்கு ஏற்ற கலங்களைத் தாழாது தருமாறு மாதரி ஆயர் மகளிரிடம் கேட்கிறாள். நாம் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சாயும் பொழுதின் அவசரம் இளங்கோவடிகளின் காப்பியத்துக்குள்ளும் இருப்பதைக் காணும்போது நமக்கு உடல் சிலிர்க்கிறது! கண்ணகி காய் அரிகிறாள், விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, ஐயை வைக்கோல் தீ மூட்டுகிறாள். கணவனின் அடி விளக்கி, தரையில் நீர் தெளித்து மெழுகி, வாழைக் குருத்து விரித்து உணவு படைக்கிறாள். செல்வத்தில் பிறந்த அப்பெண் தன் கையால் சமைத்து அவனுக்கு இட்டதாகக் காப்பியம் விரித்துரைக்கும் உணவு அது ஒன்றே. அவன் இவ்வுலகில் கொண்ட கடைசி உணவும் அதுவே.

உண்டு முடித்த கோவலன் சுவையைப் பேசவில்லை. அவன் நெஞ்சு பின்னோக்கிப் போகிறது. பெற்றோர் சொல்லைக் கடந்ததும், இளமையிலேயே பேரறிவு படைத்த மனைவிக்குச் சிறுமை இழைத்ததும் நினைவுக்கு வந்து வருந்துகிறான். அன்போடு இட்ட ஒரு வேளைச் சோறு, ஒருவனை அவன் குற்றத்தின் முன் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. மருள் தீர்ந்த அந்த மனத்தோடுதான் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். இனிக் கண்ணகியின் விடையைப் பாருங்கள். அவன் பிரிந்த காலத்தில் தான் இழந்தவற்றை அவள் எண்ணும்போது, தான் உண்ணாததையோ உடுத்தாததையோ சொல்லவில்லை. அறவோர்க்கு ஈயவும், துறவியரை வாயிலில் எதிர்கொள்ளவும், விருந்தினரைப் பேணவும் தனக்கு இயலாமற் போயிற்றே என்கிறாள். கணவனில்லா மனையில் கொடுக்கும் உரிமை போயிற்று என்பதே அவளது துயரம். பட்டினியினும் பெரிய துயரமாக அது அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

மீண்டும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்துக்கு வருவோம். சல்லேகனையின் குற்றங்களைச் சொல்லும் 37-ஆம் சூத்திரத்துக்கு அடுத்து, 38-ஆம் சூத்திரம் எதைச் சொல்கிறது? தானம் என்பது யாது என்பதைச் சொல்கிறது. பிறர்க்கும் தனக்கும் நலம் விளையத் தன் பொருளை விடுதலே தானம் என்பது அதன் கருத்து. 39-ஆம் சூத்திரம், முறையாலும் பொருளாலும் கொடுப்பவராலும் கொள்பவராலும் அத்தானம் சிறப்பெய்தும் என்று கூற, அத்தியாயம் முடிகிறது. துய்த்த இன்பத்தை நினையாதே என்று சொன்ன வாய் மூடுமுன் கொடு என்று சொல்கிறது. இந்த வரிசையை நாமும் பல ஆண்டுகள் ஓதியிருக்கிறோம். அந்த அம்மையாரின் கையை அறிந்த பின்னர்தான் அதன் அருமை நமக்குப் புலப்பட்டது. தம்ளரின் வாயை மூடியது 37-ஆம் சூத்திரம் என்றால், பேரனைக் காட்டியது 38-ஆம் சூத்திரம் அன்றோ?

இதை அம்மகனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தலையசைத்திருப்பார், அதற்குமேல் ஒன்றும் நிகழ்ந்திராது. வினை கழிய வேண்டிய வேளையும் ஒன்று உண்டு போலும்.

குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகள் அமைந்த பொன்னூர் மலைக்கு முனிவர் ஒருவர் எழுந்தருளி, வழியில் அவர்கள் ஊரிலும் தங்கினார். செய்தி அறிந்து கணவனும் மனைவியும் சென்னையிலிருந்து வந்து, பழைய வீட்டைத் தூய்மை செய்து, வாயிலில் நின்று நமோஸ்து கூறி வணங்கி அழைத்தனர். முனிவர் ஏற்றார். அவர் உப்பைத் துறந்தவர். ஆதலால் சோறும் ரசமும் பருப்பும் உப்பில்லாமலே ஆக்கப்பட்டிருந்தன. திகம்பர முனிவரின் உணவு முறையை நீங்கள் அறிவீர்கள். நாளில் ஒருமுறை, நின்றபடி, கையே கலமாக. அதைப் பசு மேய்தலுக்கு ஒப்பிடுவார்கள். புல்லைக் கொண்டுவந்து போடுபவளின் அழகையும் அணியையும் பசு பார்ப்பதில்லை. புல்லை மட்டுமே பார்க்கிறது. பள்ளத்தை எதையேனும் இட்டு நிரப்புதலுக்கும் ஒப்பிடுவார்கள். பள்ளம் சுவை கேட்பதில்லை.

நான்கைந்து பிடி சென்றது. அடுத்த பிடியில் ஒரு மயிரிழை தென்பட்டது. முனிவர் இணைத்திருந்த கைகளைப் பிரித்தார். உணவு கீழிருந்த கலத்தில் விழுந்தது. அந்தராயம். வாய் கொப்பளித்து அமர்ந்துவிட்டார். இனி மறுநாள்தான் உணவு.

மனைவி அவ்விடத்திலேயே நிலத்தில் அமர்ந்து அழத் தொடங்கினார். விடியலிலிருந்து நீராடி, நீர் வடித்து, அரிசியை மணிமணியாகப் பார்த்து ஆக்கியவர் அவர். "என் கை உணவு ஏற்கப்படவில்லையே. நான் என்ன பாவம் செய்தேன்" என்று அரற்றினார். முனிவரின் முகத்தில் சினமும் இல்லை, வருத்தமும் இல்லை. கையை உயர்த்தி இருவர்க்கும் ஆசி கூறி, பிச்சியும் கமண்டலமும் ஏந்தி வெளியே நடந்தார். கணவர் மனைவியின் அருகில் அமர்ந்து, "அழாதே. உன்னையா மறுத்தார்? உணவைத்தான் நிறுத்தினார். உனக்கு ஆசி தந்துவிட்டல்லவா போனார்?" என்றார்.

சொல்லிவிட்டுத் தாமே திகைத்துப் போனதாக அவர் நம்மிடம் கூறினார். அச்சொற்கள் மனைவிக்காகச் சொன்னவைதாம். ஆனால் காதில் விழுந்தபோது அவை வேறெங்கோ போய்ப் பட்டன. அந்த அறையில்தான் தாயின் கட்டில் கிடந்தது.

அன்று பகல் இருவரும் ஒன்றும் உண்ணவில்லை. மாலையில் வெயில் புளிய மரத்தின் உச்சிக்கு ஏறியபோது, தெருவில் பிள்ளைகள் ஓடி விளையாடும் ஓசை கேட்டது. அவர் எழுந்து வாயிலுக்குச் சென்று, "பொழுது இருக்கிறது, வாங்க பிள்ளைகளே" என்று அழைத்தார். அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஐவரோ அறுவரோ வந்தனர். காலையில் ஆக்கிய சோற்றையும் ரசத்தையும் சூடாக்கி, தாமே வரிசையாக இலையிட்டுப் பரிமாறினார். பின்னர் மனைவியையும் அமரச் செய்து, எஞ்சியதை இருவரும் உண்டனர். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கி உண்டதாக அவர் மனைவி இடையில் புகுந்து சொன்னார்.

"முனிவர்க்கென்று வைத்த ரசமாயிற்றே, அதில் உப்பே இல்லையே. எப்படி உண்டீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் சற்று விழித்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உப்பு இல்லை என்பதே இப்போது நீங்கள் சொல்லித்தான் நினைவுக்கு வருகிறது" என்றார்.